கீழ்த்திசைச் சாஸ்திரிகள்: காவிரிப் படுகைக் கிறித்தவ மரபில் 'மாகோய்' எனும் சொல்லின் பொருள்நிலை

ஆய்வுச்சுருக்கம்

மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரம், விண்மீன் ஒன்றைக் கண்டு குழந்தை இயேசுவை வணங்க வந்தவர்களைக் கிரேக்கத்தில் 'மாகோய்' எனக் குறிக்கிறது. தமிழில் இவர்கள் அரசர், சாஸ்திரிகள், ஞானிகள் என மூன்று பெயர் பெற்றுள்ளனர். இப்பெயர்கள் ஒருபொருட் பன்மொழிகளாகக் கருதப்பட்டு வருகின்றன. ஆயினும் ஒவ்வொன்றும் 'இவர்கள் யார்?' எனும் வினாவுக்குத் தனித்தனி விடையாகும். தரங்கம்பாடி, தஞ்சாவூர், ஏலாக்குறிச்சி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய காவிரி, கொள்ளிடக் கரைப் பகுதியின் மொழிவழக்கையும் பஞ்சாங்க மரபையும் துணையாகக் கொண்டு இம்மூன்று பெயர்களையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. மூலச் சொல் சுட்டும் தொழிலுக்கு மிக அணுக்கமானது 'சாஸ்திரிகள்' என்பதையும், அதன் பொருள் இன்று மங்கிவருவதால் கதையின் கூர்மை குறைவதையும் நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: மாகோய், சாஸ்திரிகள், விவிலிய மொழிபெயர்ப்பு, வாக்கியப் பஞ்சாங்கம், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி

முன்னுரை

தஞ்சைப் பகுதித் திருச்சபைகளில் கிறித்து பிறப்பு விழாவை ஒட்டிச் சிறுவர் நடிக்கும் நாடகங்களில் மூவர் தாள்முடி சூடி, பட்டு உடுத்து, கையில் பேழையுடன் மேடையேறுவர். அவர்களைப் பார்வையாளர் 'வானசாஸ்திரிகள்' என்பர். தலையில் இருப்பது அரசனின் முடி; வாயில் வழங்குவது கற்றோனின் பெயர். கத்தோலிக்க இல்லங்களில் வைக்கோல் பரப்பி அமைக்கப்படும் குடில்களில் இதே உருவங்கள் 'மூன்று ராஜாக்கள்' எனப்படுகின்றன. ஒரே உருவம் இருவேறு பெயர் பெறுவதற்கும், முடியும் பெயரும் ஒன்றோடொன்று ஒவ்வாதிருப்பதற்கும் காரணம், பல நூற்றாண்டுகளின் விளக்கங்கள் அவ்வுருவின்மேல் படிந்துள்ளமையே. அப்படிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. மத்தேயு கூறுவதும் கூறாததும்

நற்செய்தியாளர் நால்வருள் மத்தேயு ஒருவரே இந்நிகழ்ச்சியைக் கூறுகிறார். வந்தவர்கள் கிழக்கிலிருந்து வந்தனர். யூதரின் அரசராகப் பிறந்தவரைத் தேடினர். விண்மீன் கண்டதைச் சான்றாகக் காட்டினர். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் ஆகியவற்றைப் படைத்தனர். கனவில் எச்சரிக்கப்பெற்று வேறு வழியாகத் திரும்பினர். அவர் தரும் செய்திகள் இவ்வளவே. வந்தவர் எத்தனை பேர், அவர்தம் பெயர் யாது, எந்நாட்டவர், எவ்வூர்தியில் வந்தனர் என்பன சொல்லப்படவில்லை.

மூவர் எனும் எண்ணிக்கை காணிக்கைகள் மூன்றாதலின் எழுந்தது. சிரியத் திருச்சபை மரபு பன்னிருவர் எனக் கொண்டது. நாடு பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை. 2ஆம் நூற்றாண்டினரான யுஸ்தீன், தூபப் பொருள்களின் விளைநிலமாகிய அரேபியாவைக் கருதினார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து பாரசீகத்தைச் சுட்டினார். தானியேல் நூலைச் சான்றாகக் கொண்டோர் பாபிலோனைக் கூறினர். யூதேயாவில் நின்று நோக்குங்கால் இம்மூன்றும் 'கிழக்கு' என்பதனுள் அடங்கும்.

ஆயினும் மத்தேயு ஒன்றைத் தெளிவாகக் கூறியுள்ளார். அது வந்தவர்களின் தொழில். அதனை உணர்த்துவதே 'மாகோய்' எனும் சொல்.

2. ஒரு சொல், இரு முகம்

'மாகோய்' என்பது 'மாகோஸ்' என்பதன் பன்மை. பழம்பாரசீகத்தின் 'மகுஷ்' எனும் சொல்லிலிருந்து கிரேக்கம் அதனைப் பெற்றது. எரோடோட்டசு மேதியரின் ஆறு குலங்களுள் ஒன்றாக இவர்களைக் குறிக்கிறார். வேள்வி நடத்துவோராகவும் கனவுக்குப் பொருள் கூறுவோராகவும் அவர் நூலில் இவர்கள் வருகின்றனர். பின்னர்க் கிரேக்க வழக்கில் இச்சொல் விரிந்து, கீழ்நாட்டுக் குருமார், விண்ணோக்கிக் கணிப்போர், மந்திரம் செய்வோர், அவ்வாறு நடித்து ஏமாற்றுவோர் ஆகிய அனைவரையும் குறிக்கலாயிற்று.

இவ்விரு முகமும் புதிய ஏற்பாட்டிலேயே காணப்படும். திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்துச் சீமோனின் செயலும் 13ஆம் அதிகாரத்துப் பர்யேசுவின் தொழிலும் இதே வேர்ச்சொல்லால் சுட்டப்படுகின்றன. தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் பயிலும் மொழிபெயர்ப்பு, அவ்விடங்களில் 'மாயவித்தைக்காரன்' என்கிறது. மத்தேயுவிலோ 'சாஸ்திரிகள்' என்கிறது. கிரேக்க வாசகன் ஒரே சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்ட இடத்தில் தமிழ் வாசகன் இருவேறு மனிதரைக் காண்கிறான். மத்தேயுவின் முதல் வாசகருட் பலர் யூத மரபினர். குறிகேட்டலும் நாள்பார்த்தலும் இணைச்சட்டம் 18ஆம் அதிகாரத்தில் விலக்கப்பட்டவை. விலக்கப்பட்ட தொழிலோடு தொடர்புடைய பிறநாட்டார் முதலில் வந்து வணங்கினர் என்பது அவ்வாசகர்க்கு எளிதாக ஏற்கத்தக்க செய்தியன்று. அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இவ்விண்மீனின் தோற்றத்தால் மந்திரம் யாவும் அழிந்தது என விளக்க முற்பட்டமை அத்திடுக்கத்தின் தடயமாகும்.

3. அரசர் எனும் விடை

மாகோய் அரசராக மாறியதற்கு அடிப்படை பழைய ஏற்பாடு. திருப்பாடல் 72 அரசர் காணிக்கை கொணர்வதையும், எசாயா 60 பிறவினத்து அரசர் ஒளியை நாடி வருவதையும் பொன்னும் தூபமும் கொணரப்படுவதையும் பாடுகின்றன. இப்பகுதிகளை மத்தேயுவின் கதையோடு இணைத்துப் படித்ததால் காணிக்கை கொணர்ந்தவர் அரசராயினர். தெர்த்தூல்லியன் அவர்களை ஏறத்தாழ அரசர் என்றே கருதினார். இத்தாலியின் இரவென்னா நகரில் 6ஆம் நூற்றாண்டுப் பதிகல் ஓவியத்தில் கஸ்பார், மெல்கியோர், பல்தசார் எனும் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அங்கும் அவர்தம் உடை பாரசீக உடையே. 1164இல் இவர்தம் எச்சங்கள் எனப்பட்டவை மிலானிலிருந்து கொலோன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டபின் மூவரசர் வழிபாடு மேலை ஐரோப்பா எங்கும் பரவியது.

இம்மரபு கத்தோலிக்க மறைப்பணியாளர் வாயிலாகக் காவிரி நாட்டிற்கு வந்தது. கொள்ளிடத்தின் வடகரையில், திருக்காவலூர் எனப்பெயர் பெற்ற ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747), வளன் எனும் சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் தேம்பாவணியை இயற்றினார். அக்காப்பியத்தில் வருவோர் அரசரே. சேர, சோழ, பாண்டியரை 'மூவேந்தர்' எனும் ஒரு சொல்லால் நினைத்துப் பழகிய மொழியில், மூன்று அரசர் ஒரு குழந்தைமுன் பணிந்தனர் என்பது தனி விளக்கமின்றியே பொருள் தந்திருக்கும். தமிழ்க் கத்தோலிக்கரிடையே சனவரி 6 'மூன்று ராஜாக்கள் திருநாள்' என வழங்கியதும் இம்மரபே.

இவ்வரசருள் ஒருவர் இந்தியர் எனும் கருத்தும் நெடுங்காலமாக உண்டு. 'கஸ்பார்' எனும் பெயர், தோமா பணிகள் நூலில் வரும் குந்தபார் எனும் கொண்டோபரஸ் மன்னனின் பெயர்த் திரிபாகலாம் என்பர். பெயரளவில் இது பொருந்தக்கூடியதே. ஆயினும் இந்தோ-பார்த்திய மன்னனாகிய அவன், தக்த்-இ-பாகி கல்வெட்டின்வழி, கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டவன். ஆட்சியேறியது இயேசுவின் பிறப்புக்கு இருபது ஆண்டுகளுக்கும் பிந்தி. ஆதலின் இந்தியத் தொடர்பு பிற்கால மரபு ஒரு பெயரைத் தேர்ந்த முறையைக் காட்டுமேயன்றிப் பெத்லகேமுக்கு வந்தவரை அடையாளம் காட்டாது.

4. சாஸ்திரிகள் எனும் விடை

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அங்கேயே அச்சேறியது. அதன்பின் பாப்ரிசியுஸ், இரேனியுஸ், பவர் முதலியோர் வழியாகச் சீர்திருத்தச் சபையினரின் விவிலியத் தமிழ் உருப்பெற்றது. 1871இல் வெளிவந்த பவர் குழுவினரின் பதிப்பே அம்மரபில் நிலைபெற்றது. மத்தேயுவின் மாகோய் அதில் 'சாஸ்திரிகள்'.

இச்சொல்லின் பொருத்தத்தை அப்பதிப்பின் பிற இடங்களோடு ஒப்பிட்டுக் காணலாம். தானியேல் 2ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் தன் கனவை விளக்க அழைக்கும் பாபிலோனிய அவையோர் வரிசையில் முதலில் நிற்போர் சாஸ்திரிகள்; அடுத்து வருவோர் ஜோசியர். 4ஆம் அதிகாரத்தில் தானியேலே சாஸ்திரிகளின் அதிபதி எனப்படுகிறார். எனவே தமிழ் விவிலியத்தைத் தொடர்ந்து பயிலும் ஒருவர் மத்தேயுவுக்கு வருங்கால், 'சாஸ்திரிகள்' எனும் சொல்லின் பின்னே பாபிலோனிய அரசவை நிற்பதை உணர இயலும். 'அரசர்' எனும் பெயர் இத்தொடர்பைத் தாராது.

இரண்டாவதாக, தஞ்சைப் பகுதியில் இச்சொல் ஏட்டளவில் நின்றதன்று. அக்கிரகாரங்களில் வேதத்தை ஓதி மனத்திருத்துவோர் கனபாடிகள் எனவும், இலக்கணம், தருக்கம், சோதிடம் முதலிய துறைநூல்களைக் கற்றோர் சாஸ்திரிகள் எனவும் மதிக்கப்பெற்றனர். நாற்று விடவும் சித்திரையில் நல்லேர் பூட்டவும் மணநாள் குறிக்கவும் உழுகுடியினர் நாடிச்சென்றது பஞ்சாங்கம் அறிந்த ஒருவரையே. ஆகவே 'சாஸ்திரிகள் விண்மீனைக் கண்டனர்' என்னும்போது இப்பகுதிக் கேட்போர்க்கு அது புதுமையாக இராது. அவர்கள் அயல்நாட்டு அரசன்முன் சென்று, பிறந்த குழந்தையைப் பற்றி வினவியதே புதுமை.

மூன்றாவதாக, சொல்லின் வடிவம் கருதத்தக்கது. 'சாமா சாஸ்திரிகள்' என்பதுபோல் 'கள்' ஈறு இங்கு உயர்வுப் பன்மையாகவும் வரும். 'வந்தார்கள்' எனும் வினையும் ஒருவரைச் சுட்டலாம். இருவர், மூவர், பன்னிருவர் எனும் வழக்கில் புகாது, மூலத்தில் இல்லாத எண்ணைத் தமிழ்ச் சொல்லும் தாராது நிற்கிறது.

நான்காவது, கதையின் உள்முரணை இச்சொல் வெளிக்கொணர்கிறது. ஏரோது அழைத்து வினவும் யூத அறிஞர் அதே பதிப்பில் 'வேதபாரகர்', அதாவது வேதத்தின் கரைகண்டவர். பெத்லகேம் எனும் ஊரை மீக்கா நூலிலிருந்து அவர்கள் உடனே எடுத்துக் கூறினர். ஆயினும் அங்கு ஒருவரும் சென்றதாக மத்தேயு கூறவில்லை. வேதம் கற்றோர் இருந்த இடத்திலிருக்க, சாஸ்திரம் கற்றோர் நடந்தனர். வேதமும் சாஸ்திரமும் வேறுவேறு எனத் தெளிந்த தஞ்சைச் சூழலில் இவ்வெதிர்நிலை தமிழிலேயே புலப்படும்.

5. விண்மீனும் பஞ்சாங்கமும்

விண்மீன் பற்றிய மத்தேயுவின் தொடரும் கணிப்போர் மொழியைச் சார்ந்ததே. 'அனத்தொலே' எனும் கிரேக்கச் சொல் கிழக்குத் திசையையும் விண்பொருளின் எழுச்சியையும் குறிக்கும். பழைய தமிழ்ப் பதிப்பு திசையைக் கொண்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் எழுச்சியைக் கொண்டது. பின்னது, ஞாயிற்றின் ஒளியில் மறைந்திருந்த விண்பொருள் விடியற்காலையில் மீண்டும் தோன்றுவதைச் சுட்டக்கூடும். குரு, சுக்கிரன் ஆகியவற்றின் இத்தகைய மறைவு பஞ்சாங்கங்களில் 'மௌட்டியம்' எனக் குறிக்கப்பெறும். அக்காலத்தில் மணவினை தவிர்க்கப்படும். விண்மீன் தோன்றிய காலத்தை ஏரோது துல்லியமாக உசாவி அறிந்தான் என்பதும், அக்கணக்கை வைத்தே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கொல்லப் பணித்தான் என்பதும் காலக்கணிதம் கதையின் உள்ளுறுப்பு என்பதைக் காட்டும். கற்றோர் நேர்மையாகத் தந்த கணக்கு கொடியவன் கையில் கொலைக்கருவியாயிற்று.

1603இல் வியாழனும் சனியும் சேர்ந்ததைக் கண்ட கெப்ளர், அத்தகைய சேர்க்கை கி.மு. 7இலும் நிகழ்ந்ததெனக் கணித்து, கிறித்து பிறப்போடு அதனைத் தொடர்புபடுத்தினார். அவ்வாண்டு மீன ராசியில் இவ்விரு கோள்களும் மும்முறை நெருங்கின. ஏரோது கி.மு. 4இல் இறந்தான் என்பது பெரும்பான்மை வரலாற்றறிஞர் கொள்கையாதலின் காலமும் ஒத்துவருகிறது. மத்தேயு கூறும் விண்மீன் இதுவே என நிறுவச் சான்றில்லை. எனினும் குருவுக்கு ஆலங்குடியும் சனிக்குத் திருநள்ளாறும் தலங்களாக விளங்கும் நாட்டில், வெறுங்கண்ணுக்குப் பெரிதும் ஒளிராத ஒரு சேர்க்கை கணிப்போர்க்கு மட்டும் பொருளுடையதாதல் எங்ஙனம் எனத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

இவ்வொப்புமை வெறும் உவமையளவில் நிற்பதன்று. தமிழகத்தில் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்க முறை, வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்களைக் கொண்டு நிலவின் நாள்நிலையைக் கணிக்கிறது. நிலவு புவிக்கு அண்மைநிலையிலிருந்து மீண்டும் அண்மைநிலை அடையும் சுற்று ஒன்பது முறை நிகழ ஆகும் நாள் ஏறத்தாழ 248. இதனினும் துல்லியமான நெடுஞ்சுற்று 3031 நாள். ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட 'காலசங்கலித'த்தில், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாய்பாட்டால் கிரகணம் கணித்த தமிழர் ஒருவரின் முறையைப் பதிவுசெய்தார். அதற்கு முன்னரே 1769ஆம் ஆண்டு வெள்ளி கடப்பைக் காணப் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜாந்தியும் இத்தகைய கணிப்பைக் கண்டு எழுதியுள்ளார். வாரனின் பதிவை 1952இல் ஆராய்ந்த ஓட்டோ நியூகேபாவர், 248 நாள் சுற்று பாபிலோனிய ஆப்பெழுத்துப் பலகைகளிலும், 248, 3031 எனும் இரு சுற்றுகளும் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசுச் சுவடியிலும் பயில்வதை எடுத்துக்காட்டினார். இம்முறையின் அடிப்படை நூலாகிய வாக்கியகரணத்தை 1962இல் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்தனர்.

பெத்லகேமுக்கு வந்தவர் தமிழரென்றோ, தமிழ்க் கணிப்போர் பாபிலோனியரின் வழித்தோன்றல்களென்றோ இதனால் பெறப்படாது. பாபிலோனிய வானியலின் கணக்கு ஒன்று பல கைகள் மாறித் தமிழ்நாட்டில் உயிருடன் நின்றது என்பதே பெறப்படும். ஆகவே பாபிலோனிய மரபில் வந்த கணிப்போரைத் தமிழில் 'சாஸ்திரிகள்' என்றது ஒலியழகு கருதிய தேர்வன்று. மொழிபெயர்த்தோர் அறியாத அளவுக்கும் அது பொருந்தியுள்ளது.

6. தஞ்சையில் ஒரு சாஸ்திரியார்

இச்சொல் கிறித்தவர் ஒருவரின் பெயரோடும் இணைந்தது தஞ்சையில்தான். திருநெல்வேலியில் 1774இல் வேளாளர் குடும்பத்தில் பிறந்து, சுவார்ச்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பெற்றுத் தரங்கம்பாடியில் பயின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ச்சின் பாதுகாப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோசியின் (ஆட்சி: 1798–1832) நட்பைப் பெற்றவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையினும் இவர் வேறானவர். பார்ப்பனக் குலப்பெயரென இன்று கருதப்படும் சொல், அன்று கல்வி பற்றிய பட்டமாகப் பிற குலத்துக் கிறித்தவருக்கும் வழங்கியமைக்கு இவர் பெயரே சான்று.

1800ஆம் ஆண்டினதாகிய இவரது பெத்லகேம் குறவஞ்சி, தேவமோகினி எனும் தலைவியைத் திருச்சபையின் உருவகமாக்குகிறது. குறவஞ்சி இலக்கியத்திற்குக் குறி சொல்லுதல் இன்றியமையாதது. திருக்குற்றாலக் குறவஞ்சியிலும் சரபேந்திர பூபால குறவஞ்சியிலும் அதுவே மையம். கிறித்தவ நெறியோ குறிசொல்லுதலை விலக்குவது. இவ்விடர்ப்பாட்டைச் சாஸ்திரியார் குறத்தியை நீக்கித் தீர்க்கவில்லை. அவளை விசுவாசத்தின் உருவகமாக்கி, அவள் வாயிலாகவே நற்செய்தியைக் கூறுவித்தார். விலக்கப்பட்ட தொழிலோடு தொடர்புடையோரையே முதற் சான்றாக்கிய மத்தேயுவின் முறையும் இதுவே. அந்நூலில் கோப்பர்நிக்கசின் ஞாயிற்று மைய வானியலும் உலகப் புவியியலும் பாடப்பெற்றுள்ளன. சாஸ்திரக்கும்மியிலோ இவர் மூடநம்பிக்கைகளைக் கடிகிறார். விண்ணை அளக்கும் அறிவை ஏற்றலும் அதனால் மாந்தரை அச்சுறுத்தும் வழக்கை மறுத்தலும் ஒருவரிடமே நிற்கும் என்பதற்குத் தஞ்சைச் சாஸ்திரியாரின் படைப்புகள் எடுத்துக்காட்டு. மத்தேயுவின் சாஸ்திரிகளைப் புரிந்துகொள்ள வேண்டிய நிலையும் இதுவே ஆகும்.

7. ஞானிகள் எனும் விடை

திருவிவிலியம் மாகோயை 'ஞானிகள்' என்கிறது. குலப்பெயர்ச் சாயல் இன்மையும் எளிமையும் இச்சொல்லின் நலன்கள். மேலும், 'சாஸ்திரி' என்பது புரோகிதரையோ குலத்தையோ மட்டும் நினைவூட்டும் இக்காலத்தில் மாற்றுச்சொல் தேடியது இயல்பே. ஆயினும் தமிழில் ஞானி என்பவர் உள்நோக்கி மெய்யுணர்ந்தவர், தேடி முடித்தவர். மாகோயோ வெளியே, வானை நோக்கியவர், தேடிப் புறப்பட்டவர், கணக்குச் சரியாக இருந்தும் அரண்மனைக்குச் சென்று இடம் தவறியவர். ஞானி வழி கேட்க வேண்டுவதில்லை, சாஸ்திரி கேட்டார். தொழிற்பெயர் தவப்பெயராக மாறுகையில் அவர்தம் பிழைபடத்தக்க மனிதத்தன்மை மறைந்துவிடுகிறது.

முடிவுரை

அரசர் எனும் பெயர் பழைய ஏற்பாட்டுப் பாடல்களின் நிறைவேற்றத்தைக் கூறுகிறது. ஞானிகள் எனும் பெயர் வந்தவர்தம் உள்ளத்தைப் புகழ்கிறது. சாஸ்திரிகள் எனும் பெயர் ஒன்றே அவர்தம் தொழிலைச் சொல்கிறது. மத்தேயு கூறியதும் தொழிலையே. வேதபாரகர் எதிர்நிலையும், தானியேல் தொடர்பும், எண் கூறாமையும் இச்சொல்லால் தமிழில் காக்கப்பட்டுள்ளன. நாள்பார்த்தலை விலக்கிய நெறி, நாள்பார்ப்போரை முதலில் வரவேற்றது எனும் முரணே இக்கதையின் உயிர். அம்முரண் காவிரிக்கரை உழவர்க்கும் அக்கிரகாரத்தார்க்கும் திருச்சபையார்க்கும் ஒருசேர விளங்கத்தக்க சொல்லாகச் 'சாஸ்திரிகள்' இருந்தது. சொல்லை மாற்றுவதோ நிறுத்துவதோ மொழிபெயர்ப்பாளர் உரிமை. மாற்றுமிடத்து அடிக்குறிப்பிலேனும் அதன் பழம்பொருளைத் தருதல், மேடையில் தாள்முடி சூடி நிற்கும் சிறுவன் தான் யாரென அறிய உதவும்.